பக்க எண்ணை எங்கே வைப்பது: ஒரு சிறு அருங்காட்சியகத்தின் நூல் ஆதாரங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றிய அனுபவம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேடல் பெட்டியில் 'காட்ரிங்டன்' என்று தட்டினேன். இலங்கைக் காசுகளைப் பற்றிய பழைய நூல் ஒன்றின் ஆசிரியர் அவர். 23 காசுகள் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே எந்தப் பக்கம், எந்த பிளேட் (புத்தகத்தின் படத் தாள்), அந்தப் புத்தகம் எதற்காகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது தனித்தனியாகத் தெரிந்தது. இந்த ஒரு திரைக்காக ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. மொத்தம் 1,380 பொருள்கள். பாதிக்கு மேல் காசுகள். அப்புறம் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், சில கற்கருவிகள், சின்னச் செப்புத் திருமேனிகள், மூன்று கல்வெட்டுத் துண்டுகள், ஒரு கட்டு மைப்படிகள் (கல்வெட்டின் மேல் தாளை வைத்து மை ஒற்றி எடுத்த படிகள்). நான் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். வரலாறு படித்தவன் இல்லை. துறைத் தலைவர் ஒரு நாள் பதிவேட்டைக் கையில் கொடுத்து, "இதைக் கம்ப்யூட்டரில் ஏத்திடலாமா?" என்றார். அதில்தான் ஆரம்பம்.

பதிவேடு நீளமான நோட்டு. எண், பெயர், உலோகம், அளவு, எடை, கிடைத்த இடம், வந்த விதம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பார்வை'. அந்தக் கட்டத்தில்தான் முந்தைய பொறுப்பாளர்கள் புத்தக ஆதாரங்களை எழுதியிருக்கிறார்கள். ஒரு ராஜராஜன் செப்புக் காசுக்கு எதிரே மூன்று நிறத்தில் மை இருந்தது. நீல மையில் 'எலி. பி.4'. அதன் கீழே கருப்பில் 'தேசிகா. பார்க்க'. ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் 'மிட். 2'. மூன்று பேர், மூன்று காலம். ஒவ்வொருவரும் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்த உழைப்பு தொலைந்துவிடக் கூடாது என்று எனக்கு அன்றைக்கே பட்டது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

மென்பொருளாக, அருங்காட்சியகப் பொருள்களைப் பட்டியலிட உதவும் கலெக்டிவ்ஆக்சஸ் எடுத்தேன். இலவசம், திறந்த மூலம். அதில் பட்டியலிடும் பகுதிக்கு பிராவிடன்ஸ் என்று பெயர். பிஎச்பி (நிரல்மொழி), மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்) தெரிந்தவர் இரண்டு நாளில் நிறுவிவிடலாம். ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய டெஸ்க்டாப் ஒன்றுக்கு 1,600 ரூபாயில் கூடுதல் ரேமும் 2,900 ரூபாயில் 480 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டு அதையே சர்வர் ஆக்கினேன். கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் திறக்கும்.

முதல் முயற்சி மிக எளிமையானது. 'பார்வை' கட்டத்தை அப்படியே ஒரு எழுத்துப் புலமாக (ஃபீல்டாக) ஏற்றினேன். இரண்டு மாணவர்கள் மூன்று வாரம் உட்கார்ந்து எக்செலில் தட்டினார்கள். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் துறைத் தலைவர், "எலியட் புத்தகத்தோட ஒப்பிட்ட காசெல்லாம் எத்தனை?" என்று கேட்டார். 'எலியட்' என்று தேடினேன். 11 வந்தது. 'எலி.' என்று தேடினால் 40 சொச்சம். 'சி.எஸ்.ஐ.' என்று ஆறு. 'நியூமி. ஓரி. 3' என்று இன்னும் நான்கு. நான்குமே ஒரே புத்தகம். வால்டர் எலியட்டின் 'காயின்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா' 1886இல் லண்டனில் 'இன்டர்நேஷனல் நியூமிஸ்மாட்டா ஓரியன்டாலியா' வரிசையின் மூன்றாம் தொகுதி, இரண்டாம் பகுதியாக வந்தது. ஒருவர் ஆசிரியர் பெயரால் குறித்திருக்கிறார், ஒருவர் தலைப்பின் முதலெழுத்துகளால், இன்னொருவர் வரிசையின் பெயரால். காட்ரிங்டனின் 'சிலோன் காயின்ஸ் அண்ட் கரன்சி'யும் அப்படித்தான். 1924இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் மெமாயர்ஸ் வரிசையில் வந்ததால் பாதி இடத்தில் காட்ரிங்டன், மீதி இடத்தில் 'கொ. மெ. அ 3'.

ஆக, புத்தகத்துக்குத் தனிப் பதிவு வேண்டும், பொருளை அதோடு இணைக்க வேண்டும் என்பது புரிந்தது. கலெக்டிவ்ஆக்சஸில் நிகழ்வுகளுக்கென்று ஒரு அட்டவணை இருக்கிறது. கண்காட்சி, அகழாய்வு மாதிரி விஷயங்களை அதில் வைப்பார்கள். அதிலேயே 'நூல்' என்று ஒரு வகையைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தேன்.

இங்கேதான் பெரிய தவறு நடந்தது. நூல் பதிவில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் வைத்துவிட்டு, கூடவே 'பக்கம்' என்றும் ஒரு புலம் வைத்துவிட்டேன். பதிவேட்டில் அப்படித்தானே இருக்கிறது, எலியட் பிளேட் 4 என்று? மாணவர்கள் வேகமாக ஏற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எலியட் மட்டும் 37 பதிவுகள். பக்கம் மாறும்போதெல்லாம் ஒரு புதிய எலியட் பிறந்திருந்தார். சரி, புலத்தைப் பொருளின் பக்கம் மாற்றலாம் என்று காசின் பதிவில் 'பக்கம்' வைத்தேன். ஒரு காசுக்கு மூன்று புத்தகம் இருந்தால் எந்தப் பக்கம் எந்தப் புத்தகத்துடையது என்பது கலைந்துபோனது. 45, 112, பிளேட் 4 என்று மூன்று எண்கள் சொந்தக்காரர் இல்லாமல் கிடந்தன.

வழி கிடைத்தது வேறொரு இடத்தில். ஆந்திரத்து அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்களில் ஒரு பெரும் பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இன்னொரு பெரும் பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. சென்னையில் இருப்பவற்றைப் பற்றி சிவராமமூர்த்தி எழுதிய நூல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் புல்லட்டின் வரிசையில் 1942இல் வந்தது. லண்டனில் இருப்பவற்றுக்கு ராபர்ட் நாக்ஸின் 1992ஆம் ஆண்டு நூல். ஒரு மாணவிக்காக பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் ஒரு அமராவதிச் சிற்பத்தைத் திறந்தேன். நூல் ஆதாரம் என்ற தலைப்பின் கீழே 'நாக்ஸ் 1992', ஒரு சாய்கோடு, நூலின் பெயர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண். அடுத்த சிற்பத்தைத் திறந்தால் அதே நாக்ஸ், அதே பெயர், அடைப்புக்குள் எண் மட்டும் வேறு. ரொம்ப நேரம் அந்த அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண் புத்தகத்துக்கும் சொந்தமில்லை, சிற்பத்துக்கும் சொந்தமில்லை. இரண்டையும் கட்டியிருக்கும் கயிற்றுக்குச் சொந்தம்.

கலெக்டிவ்ஆக்சஸில் இதற்கு வசதி இருக்கிறது. பொருளுக்கும் நூலுக்கும் இடையிலான உறவுக்கே சொந்தமாகப் புலங்கள் வைக்கலாம். அதற்கு அந்த உறவுக்கென்று ஒரு தனித் திரையை அமைப்புப் பகுதியில் உருவாக்கித் தர வேண்டும். உருவாக்கியதும், பொருளின் பக்கத்தில் இணைத்த நூலின் பெயருக்கு அருகில் ஒரு சின்னத் திருத்தக் குறி தோன்றும். அதை அழுத்தினால் பக்க எண் பெட்டி திறக்கும். அமைக்க அரை மணி நேரம்தான் ஆனது. அந்த அரை மணி நேரத்துக்கு வந்து சேர இரண்டரை மாதம்.

பழையதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை ஏற்றுவதற்கு முன்பே சுத்தம் செய்வது என்று முடிவு. பதிவேட்டில் 742 பொருள்களுக்கு ஆதாரம் எழுதியிருந்தது. ஒரே கட்டத்தில் இருந்தவற்றைத் தனித்தனி வரியாகப் பிரித்ததும் 1,118 மேற்கோள்கள். பக்க எண்களை நீக்கிவிட்டு எண்ணினால் 463 விதமான எழுத்துத் தொடர்கள். எல்லாம் முடிந்தபோது அவை 87 நூல்களும் கட்டுரைகளுமாகச் சுருங்கின.

சுருக்குவதற்கு ஓப்பன்ரிஃபைன் பயன்படுத்தினேன். ஒரே மாதிரி இருக்கும் தொடர்களைக் கூட்டம் கூட்டமாகக் காட்டி, 'இவை ஒன்றா?' என்று கேட்கும் கருவி. அதில் ஃபிங்கர்பிரின்ட் என்ற முறை புள்ளி, காற்புள்ளிகளை எடுத்துவிட்டு, சொற்களை அகர வரிசையில் அடுக்கி ஒப்பிடும். பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர்களில் அது ஒரு இடத்தில் தொடர்ந்து தவறியது. முதலெழுத்துப் புள்ளிகளுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதியதையும் விடாமல் எழுதியதையும் அது வேறு வேறு ஆள் என்றே சொன்னது. புள்ளியை நீக்கினால் ஒன்றில் இரண்டு எழுத்தும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும், மற்றதில் பிரிந்து நிற்கும். எல்லாப் புள்ளிக்கும் பின்னால் ஒரு இடைவெளியைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சரியானது. முதலெழுத்து இல்லாத தமிழ்ப் பெயரே அரிது என்பதால் இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

அதே கருவி இன்னொரு இடத்தில் என்னை ஏமாற வைத்தது. டி.என். இராமச்சந்திரன் என்று இரண்டு பேர். ஒருவர் தொல்லியல் அறிஞர். கிரேவ்லியுடன் சேர்ந்து சென்னை அருங்காட்சியகத்தின் உலோகத் திருமேனிகளுக்கு 1932இல் அட்டவணை செய்தவர். நாகப்பட்டினம் பௌத்தத் திருமேனிகளைப் பற்றிய 1954ஆம் ஆண்டு நூலும் அவருடையது. இன்னொருவர் தஞ்சாவூரில் வாழ்ந்த சேக்கிழார் அடிப்பொடி. பெரியபுராணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். எங்களிடம் இருந்த ஒரு கண்ணப்பர் திருமேனிக்கு எதிரே யாரோ இரண்டையும் குறித்திருந்தார்கள். முதலாவது சிற்ப அமைப்புக்கு, இரண்டாவது கதைக்கு. கருவி ஒன்றாக்கலாமா என்றது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். நூலகர் அம்மா திரையைப் பார்த்தவுடன், "தம்பி, இவங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்க. ஒருத்தர் தஞ்சாவூர்க்காரர்" என்றார். அன்றிலிருந்து பெயர்களை ஒன்றாக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரு நோட்டில் எழுதி, வாரத்துக்கு ஒரு முறை அந்த அம்மாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கினேன்.

பெயர் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுத்தம் செய்த நூல் விவரங்களை, நூல் ஆதாரங்களைச் சேர்த்து வைக்கும் ஜொடேரோ என்ற மென்பொருளில் சேர்த்தோம். அது இயல்பாகப் பெயரை இரண்டாக உடைக்கும்: குடும்பப் பெயர், இடுபெயர். நம் ஆட்களுக்கு அது பொருந்தாது. ஐராவதம் மகாதேவனில் எது குடும்பப் பெயர்? ஐராவதம் அப்பா பெயர். சிவராமமூர்த்திக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து கலம்பூர் என்ற ஊர். நடன. காசிநாதன் ஆங்கிலக் கட்டுரைகளில் வெறும் முதலெழுத்தோடு வருவார். ஜொடேரோவில் பெயர்ப் பெட்டியின் அருகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பெட்டி ஒன்றாகும். தமிழ்ப் பெயர்களுக்கு எல்லாம் ஒற்றைப் பெட்டியில் 'மகாதேவன், ஐராவதம்' என்று அடுக்க ஏதுவாக எழுதி, நூலின் முகப்பில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை மாற்றுப் பெயராகத் தரவுத்தளத்தில் சேர்த்தோம். தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் இரண்டும் அதே ஆளின் பதிவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

ஜொடேரோவிலிருந்து சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எடுத்து, எந்தக் கட்டம் எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்று கலெக்டிவ்ஆக்சஸுக்குச் சொல்லும் ஒரு பொருத்தப் பட்டியலை எக்செலில் தயாரித்து ஏற்ற வேண்டும். ஆசிரியர்களைத் தனித்தனி ஆளாகப் பிரிக்க அதில் ஒரு பிரிப்பான் உண்டு. எந்தக் குறியில் வெட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். நான் காற்புள்ளி என்று கொடுத்துவிட்டேன். ஜொடேரோ ஆட்களுக்கு இடையில் போடுவது அரைப்புள்ளி. காற்புள்ளி ஒரே ஆளின் பெயருக்கு நடுவில்தான் வரும். விளைவு: கிரேவ்லி ஒருவர், அவருடைய முதலெழுத்துகள் தனியாக இன்னொருவர். 87 நூல்களுக்கு 290க்கும் மேல் ஆசிரியர்கள். ஏற்றுவதற்கு முன் மைஎஸ்கியூஎல் நகல் எடுத்து வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தது. அதற்குப் பிறகு எப்போதும் முதலில் 20 வரியை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மீதி.

ஆண்டு விஷயம். பட்டியலை ஆண்டு வாரியாக அடுக்கியதும் மூன்று நூல்கள் வருங்காலத்தில் போய் நின்றன. ஒன்று 2029. எடுத்துப் பார்த்தால் 1998இல் வந்த நூல். முகப்பில் திருவள்ளுவர் ஆண்டு பெரிதாகவும் ஆங்கில ஆண்டு பின்பக்கத்தில் சிறிதாகவும் அச்சாகியிருந்தது. 31ஐக் கழித்துச் சரிசெய்தோம். அச்சில் உள்ள ஆண்டை அப்படியே வைத்துக்கொள்ள ஒரு புலமும், கணக்கிட்ட ஆண்டுக்கு ஒரு புலமும் தனியாக வைத்தேன். பிரபவ, விபவ என்று ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள பழைய நூல் ஒன்றும் இருந்தது. 60 ஆண்டுச் சுற்று என்பதால் அதை அச்சகத்தின் பெயரை வைத்தும் முன்னுரையை வைத்தும் நூலகர் அம்மாதான் கணித்துக் கொடுத்தார்.

ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பிந்தைய வெளியீடு வந்தால் எச்சரிக்கை காட்டும்படி ஒரு சின்ன சோதனையும் எழுதியிருந்தேன். அது புரூஸ் ஃபூட்டைப் பிடித்தது. 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட். அவர் மறைந்தது 1912இல். அவர் சேகரிப்பைப் பற்றிய நூல் சென்னையில் அச்சானது 1916இல். தவறு எதுவும் இல்லை. சோதனையை 'தடு' என்பதிலிருந்து 'கேள்' என்று மாற்றினேன்.

இனி எழுத்துரு. ராஜராஜன் செப்புக் காசின் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரியில் ஸ்ரீராஜராஜ என்ற எழுத்தும். விவரிப்பிலும், காசைப் பற்றிய கட்டுரைத் தலைப்புகளிலும் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். 31 காசு இருப்பது எனக்குத் தெரியும். தேடினால் 19தான் வந்தது. இரண்டு பதிவுகளைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரே எழுத்துதான். எழுத்தெழுத்தாக உடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: ஒரு மாணவரின் விசைப்பலகை 'ஸ' வைத்து ஸ்ரீ போடுகிறது, இன்னொருவருடையது 'ஶ' வைத்து. திரையில் இரண்டும் ஒன்றாகத் தோன்றும், கணினிக்கு வேறு வேறு. அதே மாதிரி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சில வரிகளில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக என்று இரண்டு குறியீடாக இருந்தது. யூனிகோடில் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்ற பைத்தானில் நான்கு வரி போதும். ஆனால் ஸ்ரீ அந்த மாற்றத்தில் சரியாகாது, ஏனென்றால் அவை நிஜமாகவே இரண்டு வேறு எழுத்துகள். அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுத வேண்டும்.

'பக்கம்' என்ற பெயரையும் சீக்கிரமே மாற்ற வேண்டி வந்தது. 'தெ.இ.க. 2, 66' என்று ஒரு மைப்படிக்கு எதிரே எழுதியிருந்தது. மாணவர் 66ஐப் பக்கமாக ஏற்றினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளை மேற்கோள் காட்டும்போது எண் என்றால் கல்வெட்டு எண். இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். 66ஆம் எண் கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பட்டியல். 66ஆம் பக்கத்தில் போய்த் தேடினால் வேறு என்னவோ இருக்கும். அதனால் புலத்தின் பெயரை 'இடம்' என்று மாற்றி, அதற்கு முன்னால் ஒரு தேர்வுப் பட்டியல் வைத்தேன்: பக்கம், பிளேட், பட எண், கல்வெட்டு எண், அட்டவணை எண். மிட்சினர் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதிய 1998ஆம் ஆண்டு நூல் போன்றவற்றுக்குக் கடைசி வகைதான் தேவைப்படும். காசு ஆட்கள் பக்கம் சொல்ல மாட்டார்கள், எண்தான் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பெரிய குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது துறைத் தலைவர். ஒரு செப்புத் திருமேனியின் பதிவில் 'கிரேவ்லி, இராமச்சந்திரன் 1932' என்று பார்த்துவிட்டு, "நம்ம சிலை அந்த நூலில் வந்திருக்கா?" என்று கேட்டார். வரவில்லை. அந்த நூல் சென்னை அருங்காட்சியகத்தின் திருமேனிகளைப் பற்றியது. எங்களுடையதைப் போலவே ஒன்று அதில் இருக்கிறது என்பதற்காக எழுதிய குறிப்பு அது. திரையில் அது தெரியவே இல்லை. படிக்கிறவர் எங்கள் சிலை அந்த நூலில் அச்சாகியிருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். உறவுக்கு வகை வேண்டும். கலெக்டிவ்ஆக்சஸில் உறவு வகைகளை நாமே எழுதிக்கொள்ளலாம். கடைசியில் ஐந்து வைத்தோம்: 'இந்தப் பொருளே வெளியானது', 'ஒப்பீடு', 'வகை அடையாளம்', 'வாசகம்', 'காலக் கணிப்பு'.

ஐந்தாவது வகை ஏன் என்பதற்கு எங்கள் கற்கருவிகளே காரணம். திருவள்ளூர் மாவட்டத்துப் பழங்கற்கால இடமான அதிரம்பாக்கத்தில் பொறுக்கிய நான்கு கைக்கோடரிகள் எங்களிடம் உண்டு. பதிவேட்டில் 'காலம்: 5 லட்சம் ஆண்டு' என்று இருந்தது. யார் சொன்னது என்று இல்லை. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் சயின்ஸ் இதழில் அங்குள்ள அகழாய்வின் அச்சூலியன் (கைக்கோடரி செய்த பழங்கற்காலப் பண்பாடு) அடுக்குகளைச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். 2018இல் நேச்சர் இதழில் அதே இடத்தின் இடைப் பழங்கற்காலத்தை ஏறக்குறைய 3,85,000 ஆண்டுக்கு முன்னால் கொண்டுபோனார்கள். காலத்தை மாற்றி எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. துறைத் தலைவர் தடுத்தார். எங்கள் கருவிகள் தரை மேலே கிடந்தவை. அகழாய்வு அடுக்கின் காலத்தை அவற்றின் மேல் அப்படியே ஒட்டக் கூடாது. அதனால் இரண்டு கட்டுரைகளையும் 'காலக் கணிப்பு' உறவில் இணைத்து, உறவின் குறிப்புப் பெட்டியில் 'மேற்பரப்புச் சேகரிப்பு. அடுக்கின் காலம் நேரடியாகப் பொருந்தாது' என்று எழுதினோம். பழைய 5 லட்சத்தை அழிக்கவில்லை. 'பதிவேட்டின்படி, ஆதாரம் குறிக்கப்படவில்லை' என்று சேர்த்து வைத்திருக்கிறோம்.

அப்புறம் மிக நீண்ட கட்டம்: ஒவ்வொரு மேற்கோளையும் புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பது. இதைத் தவிர்க்கலாமா என்று பேச்சு வந்தது. நூலகர் அம்மா, "திறந்து பாக்காத புத்தகத்தைப் பார்த்தேன்னு எப்படிப்பா எழுதுறது?" என்றார். மேசை மேல் கைப்பேசி வைக்கும் ஸ்டாண்ட் 850 ரூபாய், இரண்டு எல்இடி விளக்கு 900, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் 380. ஒரு பக்கம் காசு, ஒரு பக்கம் புத்தகம், நடுவில் லென்ஸ். மாணவி காசின் எண்ணைச் சொல்வார், நான் பக்கத்தைத் திறப்பேன், நூலகர் அம்மா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால் 'திறந்து பார்த்தது' என்று குறி. புத்தகம் கையில் இருந்தால் ஒரு மேற்கோளுக்கு நான்கு நிமிடம். புத்தகத்தைத் தேடிப் பிடிப்பதுதான் நாள்கணக்கு. மூன்று முறை சென்னை போய் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்தோம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே அது இருப்பது பெரிய வசதி. காலையில் நூலகத்தில் ஒரு பிளேட்டைப் பார்த்துவிட்டு, மதியம் வெண்கலக் கூடத்தில் போய் நேரே பார்க்கலாம்.

1,118இல் 974ஐத் திறந்து பார்த்துவிட்டோம். அதில் 71 தவறு. பெரும்பாலும் பிளேட் எண்ணும் படத்தின் எண்ணும் இடம் மாறியவை. சில இடங்களில் பதிவேட்டில் குறித்தவர் மூல நூலைப் பார்க்காமல், வேறொருவர் எழுதிய அடிக்குறிப்பிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த அடிக்குறிப்பில் இருந்த அச்சுப்பிழையும் அப்படியே எங்கள் நோட்டுக்கு வந்துவிட்டது. திருத்தியபோது பதிவேட்டில் எழுதியிருந்ததை நீக்கவில்லை, உறவின் குறிப்பில் வைத்திருக்கிறோம். மறுபதிப்புகளும் தொல்லை கொடுத்தன. கையில் இருப்பது மறுபதிப்பு, பதிவேட்டில் இருப்பது முதல் பதிப்பின் பக்கம். எங்கள் பிரதி ஒன்றில் பிளேட்டுகளை எல்லாம் கடைசியில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதனால் நூல் பதிவில் முதல் பதிப்பின் ஆண்டு, நாங்கள் பார்த்த பிரதியின் ஆண்டு என்று இரண்டும் இருக்கின்றன.

செலவு: ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்து 4,500. ஒரு டெராபைட் வெளி வட்டு இரண்டு, 8,600. ஸ்டாண்ட், விளக்கு, லென்ஸ் 2,130. நகல் எடுத்த வகையில் 2,350. சென்னைப் பயணம் மூன்று, தலா 1,400 வீதம் 4,200. மொத்தம் 21,780 ரூபாய். வட்டு இரண்டு வாங்கியது வீண் இல்லை. ஒன்று கல்லூரியில், ஒன்று துறைத் தலைவர் வீட்டில். வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்கிறோம்.

மறுபடி ஆரம்பிப்பதாக இருந்தால் பதிவேட்டைத் தட்டச்சு செய்வதில் ஆரம்பிக்க மாட்டேன். முதல் வாரம் நூலகர் அம்மாவோடு அலமாரி முன்னால் நின்று, நோட்டில் அடிபடும் புத்தகங்களின் பட்டியலை மட்டும் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் 'எலியட் 1886' மாதிரி ஒரு குறுக்குப் பெயர் அப்போதே முடிவாகும். மாணவர்கள் அந்தக் குறுக்குப் பெயரை மட்டும் தட்டினால் போதும், 463 விதம் உருவாகியே இருக்காது. உறவு வகையையும் சரிபார்ப்புக் குறியையும் முதல் நாளிலேயே கட்டாயப் புலமாக்குவேன். எல்லா இயந்திரத்திலும் ஒரே தமிழ் விசைப்பலகை நிறுவுவேன். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, அதையும் பொருளின் பதிவோடு இணைப்பேன். இப்போது அதைப் பின்னால் செய்துகொண்டிருக்கிறோம், நோட்டின் பாதி முடிந்திருக்கிறது. அந்த மூன்று நிற மையையும் வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மீதி இருப்பது 144 மேற்கோள், 22 நூல்கள். ஒன்பது நூல்கள் கன்னிமாராவில் இருப்பது அட்டவணையில் தெரிகிறது. அடுத்த மாதம் இரண்டாவது வாரம் போவதாகத் திட்டம். தேசிகாச்சாரியின் நூலை அப்போதுதான் பார்க்கப்போகிறோம். அதுவரை அந்த ராஜராஜன் காசின் பதிவில் 'தேசிகா. பார்க்க' என்ற வரிக்கு நேரே 'பதிவேட்டிலிருந்து, இன்னும் திறக்கவில்லை' என்றுதான் இருக்கும்.